இரண்டு தடவை வரவேண்டும்

முகத்துக்கு முன்னால் பல்லைத்தான் பார்த்தேன்.
அயர்லாந்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த எக்ஸ்ரே:
கீழ்த்தாடையில் இடப்பக்கம்
மூன்று வீடு இடிந்த தெரு.
அதன் கீழே பெயர், மோரீன். வயது அறுபத்தெட்டு.
அதற்கும் கீழே
அங்கே வலிக்குமா?

வலிக்காது என்று எழுதி
அழித்து
கொஞ்சம் என்று அனுப்பினேன்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேரே
இரண்டாம் மாடியில் என் மேசை.
பஸ் போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு நடுங்கும்,
கருவிகளும் தட்டில் நடுங்கும்.
டாக்டருக்குக் கை வேகம், எனக்கு டைப்பிங் வேகம்,
ஆகவே வெளிநாட்டு வாய்கள் எல்லாம் என் போனில் திறக்கும்.

ஜனவரி ஏழு, திருவனந்தபுரத்தில் இறங்குகிறீர்கள்.
உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு வில்பிரட் நிற்பார்.
எட்டு, ஸ்கேன், ரத்தம், சர்க்கரை.
ஒன்பது, மூன்று திருகு.
பதினெட்டு, தையல் பிரிப்பு.
களியக்காவிளை தாண்டினால் ரோட்டுக்கே பல் கிடையாது,
இதை எழுதவில்லை.
வில்பிரட்டிடம் மட்டும் சொன்னேன்.
"வரும்போ எப்பிடியும் வரலாம் மேடம்,
திரும்பிப் போகும்போதான் பாத்துப் போணும்."

அங்கே மூன்று பல்லுக்குக் கேட்ட காசில்
இங்கே மூன்று பல், டிக்கெட், லாட்ஜ்,
ஒரு சாயங்காலம் முட்டத்துப் பாறை,
மீதியில் ஒரு பட்டுச்சேலை.
அவளே கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாள்.
எனக்கு வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.
வலப்பக்கக் கடைவாயில் கிராம்பு வைத்திருந்தேன்.
ஸ்டாஃபுக்குப் பாதி விலைதான்,
அந்தப் பாதி சீட்டு எடுத்தால் வரும்.
சீட்டு இன்னும் என் பேருக்கு விழவில்லை.

எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம்.
அப்புறம்தான் பல். ஆகவே
இரண்டு தடவை வரவேண்டும் என்று தயங்கித் தயங்கி எழுதினேன்,
இந்த வரியில்தான் நிறையப் பேர் காணாமல் போவார்கள்.

இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள் காலையில்:
பிராங்க் போன பிறகு
எந்த ஊருக்கும் இரண்டு தடவை போக
எனக்குக் காரணம் இருந்ததில்லை.
மே மாதம் அங்கே என்ன பழம்?

சக்கை, மாம்பழம் என்று எழுதி
முதல் தடவை இரண்டும் ஆகாது என்று சேர்த்தேன்.
கஞ்சி. அவித்து மசித்த ஏத்தன்பழம். தயிர்.
மரச்சீனி, குழைய வேகவைத்து, ஆறவைத்து.
அச்சுமுறுக்கு ஏர்போர்ட்டில் விற்றாலும் தொடக்கூடாது.

நல்லது, ஆனால்
தனியாகவா இதையெல்லாம் சாப்பிடவேண்டும்? என்றாள்.

பஸ் போனது. கதவு நடுங்கி நின்றது.
அப்பாயின்ட்மென்ட் நோட்டில் ஜனவரி எட்டைத் திறந்து
கடைசி வரியில்
ஷைஜி, கீழ் வலது, எட்டாம் பல், பிடுங்க
என்று எழுதினேன்.
பேனாவில் இல்லை. பென்சிலில்.