ஊசி நோகவில்லை

வியாழக்கிழமை நீங்கள் போட்ட ஊசி
நோகவில்லை மிஸ்ஸி.
வரிசை வாசல்வரை நின்றது, உங்களுக்கு அவசரம்.
வழக்கத்திலும் தாழ, உட்பக்கமாய்க் குத்தினீர்கள்.
முடிந்துவிட்டதா என்று நான்தான் கேட்டேன்.
"நல்ல தைரியசாலி" என்றீர்கள்.
திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.
நானும்.

அதற்கு முன்பே டாக்டர் கேட்டிருந்தார்,
"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிற்கிறீங்க?"
பத்து மணித்தியாலம், கெய்சர் வீதியில், சாரிக்கடையில்.
காரணம் கிடைத்த நிம்மதியில் பேனை ஓடியது.
நாற்பத்திரண்டு வயது, நின்று வேலை, தசைப்பிடிப்பு.
குனியச் சொல்லவில்லை.
காலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்குச் சிங்களம் தெரியும்,
புறக்கோட்டையில் விலை பேசுமளவு,
பஸ்ஸில் மிச்சக்காசுக்குச் சண்டை பிடிக்குமளவு.
ஆனால் உட்கார்ந்தால்
அடியில் பலகை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத
அந்த இடத்துக்கு
ஒரு பாஷையிலும் என்னிடம் சொல் இல்லை.
தமிழில் அம்மா தந்தது
"அங்கே" மட்டும்தான்.

ஹிரி, என்றேன்.
அவர் என் பாதத்தைப் பார்த்தார்.
கால் இல்லை சேர், மேலே, என்று கை காட்டினேன்.
இடுப்பு, என்று எழுதினார்.

வெள்ளியும் சனியும் வெசாக்.
கொட்டாஞ்சேனை முழுக்கக் கடதாசிக் கூடுகள்,
சந்தியில் தன்சல்.
அன்சலம் எனக்கு மூன்று கோப்பை சர்பத் வாங்கி வந்தார்.
குடித்தேன்.
குடித்தது எங்கே போனதென்று
விடியும்வரை உடம்பு சொல்லவேயில்லை.
வயிறு பானைபோல் இறுக,
பச்சை, சிவப்பு, பச்சை என்று அணைந்தணைந்து எரிகிற பல்புகளை
எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

சனிக்கிழமை அவசரப்பிரிவில் ஒரு சின்ன டாக்டர்,
தூங்காத கண்.
வியாழன் எழுதின துண்டை வாசித்தார், என்னை அல்ல.
அதே குளிசை, இன்னும் ஐந்து நாளைக்கு.
திங்கள் கிளினிக்கில்
ஸ்கான் மெஷினுக்குத் திகதி தந்தார்கள், ஆவணி பதினாறு.
வெளியே வரும்போது சாரி நனைந்திருந்தது.
கூட்டுகிற பெண் சத்தம் போட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.
அந்தச் சத்தத்துக்குத்தான்
ஒரு பெரிய டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய் இரவு வெட்டினார்கள்.

முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள்
குதிரைவால் மாதிரிப் பிரிந்து தொங்குமாம்.
டிஸ்க் நழுவி அதை நெரித்திருக்கிறது.
மரத்துப்போன இடம் சேணம் படுகிற இடமாம்.
நான் குதிரை கண்டது காலிமுகத்திடலில் மட்டும்,
ஐந்து நிமிடச் சவாரிக்குப் பிள்ளைகளைச் சுமக்கும்
நரைத்த மட்டக் குதிரை ஒன்று.
"முதல் நாளே வந்திருக்கலாமே அம்மா" என்றார் பெரிய டாக்டர்.
நல்ல மனிதர். அவருக்குத் தெரியாது.
அன்சலம் சட்டைப்பையிலிருந்து
வியாழன் துண்டை எடுத்து விரித்தார்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது நாளுக்கு நாலு தரம் குழாய்.
கடையில் வேறொருத்தி நிற்கிறாள்.
இரவில் அன்சலம் சுவர்ப் பக்கம் படுக்கிறார்,
கோபத்தால் அல்ல,
என்ன கேட்பதென்று தெரியாமல்.

எட்டு மாதம் கழித்து விசாரணை.
நீளமான மேசை, தேத்தண்ணீர், மாரி பிஸ்கட்.
கோப்பை வாசித்தார்கள்:
"சிறுநீர், மலம்: முறைப்பாடு இல்லை.
உணர்வு: சாதாரணம்."
யார் கேட்டது? யார் தொட்டது?
கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

அடுத்த வரி உங்களுடையது மிஸ்ஸி.
"ஊசி போடப்பட்டது, 10.40."
அந்தத் தாளில் பொய் சொல்லாத வரி அது ஒன்றுதான்.
நீங்கள் மூலைக் கதிரையில் இருந்தீர்கள்,
கைப்பையின் வாரை முறுக்கியபடி.
உங்களை நான் பார்த்தேன்.

வேறொன்றும் வேண்டாம்.
அந்த வரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருக்கிறது,
அதில் எழுதுங்கள்,
நோயாளி அசையவில்லை என்று.