தசம் ஒன்பது

முதல் பலகை இமிங்ஹாம் வீதியில்.
தொண்ணூற்றெட்டு, மாசி மாதம். ஹம்பர் ஆற்றுக்காற்று
கிரேன் கூடையைத் தொட்டில்போல் ஆட்டியது.
தொட்டில் என்றா சொன்னேன்?
இல்லை, விழப்போகும் பல்லைப்போல்.
கீழே நின்று நெவில் கத்தினான்:
“கொக்கின் கால் கோணல்!”

ஆல்டர்பி ஒயிலுக்கு அப்போது
ஆற்றோரம் ஒரு சின்னச் சுத்திகரிப்பு ஆலை,
ஆறு பெற்றோல் செட்,
பச்சைப் பலகையில் வெள்ளைக் கொக்கு.
ஒற்றைக் காலில் நிற்கும்.
கொக்கு எதற்கு நிற்கும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் இருபது. அதற்கடுத்தது எழுபத்திரண்டு.
கந்தோர்ச் சுவரில் வரைபடம், சிவப்புக் குண்டூசிகள்,
அம்மாள் வந்த பிள்ளையின் முதுகுபோல.
கிரிம்ஸ்பி, லௌத், பெவர்லி, கூல்.
இந்த ஊர்களை நான் அறிந்தது
அவற்றின் பெயர்ப்பலகைகளைக் கழற்றித்தான்.

கழற்றுவது சுகம். நாலு போல்ட்.
உள்ளே குழல்விளக்கு,
செத்த பூச்சிகள் ஒரு சிரட்டையளவு,
ஒருதரம் குஞ்சுகளோடு ஒரு குருவிக்கூடு.
நெவில் அதைத் தன் ஹெல்மெற்றில் வைத்துவிட்டு
மாலைவரை வெறுந்தலையோடு வேலை செய்தான்.

லௌத்தில் ‘ஹோல்ட்பி அன்ட் சன்ஸ்’.
சன்ஸ் இருவரும் வரவில்லை.
மிஸிஸ் ஹோல்ட்பி வந்தாள், சேறு படிந்த ரப்பர் பூட்ஸோடு.
“அந்த முதல் எழுத்தை மட்டும் தருவீர்களா?”
பழைய பலகை எல்லாம் நொறுக்க வேண்டும் என்பது விதி.
நொறுக்கியதாகக் கையெழுத்து வைத்தேன்.
எழுத்தை அவள் காரின் முன்சீற்றில் இருத்தி
பெல்ற்றும் போட்டுவிட்டேன்.

ஆலையும் சும்மா இருக்கவில்லை.
வேலை முடிந்து ஹம்பர் பாலம் ஏறுகையில்
தூரத்தில் அதன் சுடர் முதலில் ஒரு மெழுகுதிரி.
பிறகு பந்தம்.
பிறகு மேகத்தின் அடிவயிறே செம்மஞ்சள்.
சூரியன் கிழக்கில் படுப்பதாக
என் மகள் பள்ளியில் படம் வரைந்தாள்.
ரீச்சர் பிழை போடவில்லை.

ஸ்கந்தோர்ப்பில் குகதாசனின் செட்டுக்கும் ஓடர் வந்தது.
விற்றவன் நிலத்துக்காரன். இவன் குத்தகை.
லீற்றருக்கு ஒன்றரைப் பென்ஸ் இவன் பங்கு,
மிச்சத்தைச் சொக்லேற்றிலும் சிகரெற்றிலும் தேடிக்கொள்.
“ஏறுங்கோ அண்ணை, ஏணியை நான் பிடிக்கிறன்.”
பிடித்தான். கொக்கு ஏறியது.
இரண்டு வருஷத்தில் அவன் நின்ற இடத்தில்
காசட்டை விழுங்கும் ஒரு இயந்திரம்.
இப்போது டாக்ஸி ஓட்டுகிறான். மின்சாரக் கார்.
அதைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கு ஒரு சிரிப்பு.

முந்நூற்று நாற்பதாவது பலகை
கம்பனியின் ஆண்டறிக்கை அட்டையில் வந்தது.
படத்தின் ஓரத்தில் கிரேனின் நிழல், நிழலுக்குள் நான்.
நெவிலிடம் காட்டினேன்.
“மெலிந்துவிட்டாய்” என்றான்.

போன கிழமை தாள் வந்தது: கொக்கை இறக்கு.
ஜெனீவாவில் யாரோ வாங்கிவிட்டார்களாம்.
புதுச் சின்னம் நீல வளையம், உள்ளே ஒன்றுமில்லை.
இமிங்ஹாம் வீதியிலிருந்தே தொடங்கினேன்.
நான் முறுக்கிய போல்ட்
கறள் பிடித்து என் கைக்கே இசையவில்லை.
நெவில் இப்போது இல்லை.
கால் கோணலா என்று கீழே நிற்கும் பெடியனைக் கேட்டால்
எந்தக் கால் என்பான்.

விலைப்பலகையில்
அறுபத்து நாலு பென்ஸில் தொடங்கி
தொண்ணூறு, நூற்று நாற்பது என்று
ஏறி இறங்கி ஏறிய இலக்கங்கள்.
எத்தனை மாற்றியிருப்பேன், கணக்கில்லை.
கடைசியில் ஒட்டி நிற்கும் அந்தச் சின்னத் தசம் ஒன்பதை மட்டும்
ஒருநாளும் தொட்டதில்லை.

இன்று கழற்றிப் பொலித்தீனில் சுற்றி
வானின் முன்சீற்றில் வைத்திருக்கிறேன்.
புதுப் பலகைக்கும்
அதுதான் வேணுமாம்.