மணி நாக்கு

எல்லைக் கல்லிலேயே எழுதியிருந்தார்கள்:
வண்டியை அணைத்துவிட்டு வரவும்.
எக்ஸ்.எல்லைத் தள்ளிக்கொண்டு போனேன்,
பின்னால் கட்டிய ஒற்றைக் கூம்புக் குழாய்
வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டபடி.

எழுமலைக்கு மேற்கே பெத்தேல்பட்டி.
பஞ்சத்தில் ஒதுங்கிய முப்பது குடும்பத்துக்கு
சுவிஸ் நாட்டுப் பாதிரி ஒருவர் போட்ட ஊராம்.
வேதம் கொடுத்தார், கூரைக்கு ஓடு கொடுத்தார்,
தன் மலையில் மாடுகள் கட்டும் கழுத்து மணியை
மரப்பெட்டி நிறையக் கொடுத்தார்.
வீட்டுக்கு ஒரு பல்பு. ரேடியோ கிடையாது.
கோயிலில்கூட வெறும் வாய்தான்.

நான் உசிலம்பட்டி ஒச்சு சவுண்ட் சர்வீஸ்.
காதுகுத்து, கிடாவெட்டு, கட்சிக் கூட்டம்,
இருபத்தாறு வருஷம்.
அறுப்பின் பண்டிகைக்கு எட்டுக் குழாய், நாலு பாக்ஸ்,
ஜெனரேட்டர் இலவசம் என்று
கொட்டேஷனோடு வந்திருந்தேன்.

சபைக் கணக்குப் பார்க்கும் ஞானப்பூ அக்கா
படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"இதைப் போட்டா, மாடு எங்க நிக்குதுன்னு
எப்படித் தம்பி தெரியும்?"
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பதில் யோசிக்கையில்தான்
காதுக்குள் ஒரு பூச்சி இரைவதைக் கவனித்தேன்.
ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் விட்டோமோ என்று
கை தானாகத் திருகைத் தேடியது.
எத்தனை வருஷமாக இரைகிறதோ,
கேட்க இடம் கிடைத்தது இன்றைக்குத்தான்.

"நீங்க ரிப்பேர்காரர்தானே?"
பெனினா, எட்டு வயதிருக்கும்,
நாக்கு விழுந்த மணியை நீட்டினாள்.
செவலைக்கு உரியது. மூன்று நாளாகச் செவலை
ஊமையாகக் கரட்டில் மேய்கிறது.

டூல் பெட்டியைத் திறந்தேன்.
ஒரு போல்ட்டைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு
ஆட்டிக் காட்டினேன்.
"இது செவலை இல்ல."
சின்ன போல்ட்.
"இது வேதமுத்து வீட்டுக் கிடாரி."
கடைசியில் குழாயின் பூட்டிலிருந்தே
துருவேறிய ஒரு நட்டைக் கழற்றிப் போட்டேன்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
"ம். வந்துருச்சு."

மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.
ஆமாம் என்று தலையாட்டினேன்.

கூலி வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.
என் கொட்டேஷன் தாளிலேயே
வறுத்த கடலை மடித்துக் கொடுத்தார் அக்கா.

பூட்டு இல்லாத குழாய் கடகடவென்று ஆடியது;
ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.
கல் வந்தது.
தாண்டியும் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனேன்.
பெட்ரோல் கம்மி, அதனால்தான்.