வெறும் ஒழுங்கை

பின்னால் ஒன்றுமில்லை.
கார் ஒப்புக்கொள்ளவில்லை.
ரிவேர்ஸ் போட்டதும் கத்தத் தொடங்கும்,
வெறும் ஒழுங்கையைப் பார்த்து.

முதல் கிழமை இறங்கி இறங்கிப் பார்த்தேன்.
ஒருநாள் நாய். மற்ற நாளெல்லாம் மண்.
அடுத்த கிழமை ஈரத்துணியால் துடைத்தேன்,
பழைய பிரஷ்ஷால் உரசினேன்.
மூன்றாம் கிழமை
ரேடியோவைக் கூட்டி வைக்கப் பழகிக்கொண்டேன்.

கோண்டாவில் கராஜில்
பம்பர்ப் பக்கம் வராமலே சொன்னார்கள்:
"செற்றோட மாத்தவேணும். பதினெட்டாயிரம்."

தட்டாதெருச் சந்திக்குக் கிட்ட
தகரக் கொட்டிலுக்குள் யசோதினி.
"எஞ்சினை நிப்பாட்டுங்கோ.
திறப்பைத் திருப்பி ரிவேர்ஸில விடுங்கோ.
கொஞ்சம் கதையாமல் இருங்கோ."
ஆல்ரோவின் பின்னால் முழந்தாளிட்டு
நாலு பொத்தானுக்கும் ஒவ்வொன்றாய்க் காது கொடுத்தாள்.
பல்லி சொல்வதைவிட மெல்லிய
டிக், டிக்.
"நாலும் உயிரோடதான் கிடக்கு."

மூன்றாவதைக் கழற்றி நாலாவதின் இடத்தில்,
நாலாவது மூன்றாவதின் இடத்தில்.
"வருத்தம் கூடவே போனால் சென்சர்.
நிண்ட இடத்திலயே நிண்டால் வயர்."
நின்ற இடத்திலேயே நின்றது.

பம்பருக்கு உள்ளே சொக்கற்றைப் பிரித்தாள்.
பாசி போலப் பச்சை,
விரலில் உப்புத் தூளாய் உதிர்ந்தது.
"பண்ணையால போய் வாறனீங்களோ?"
"ஒவ்வொரு நாளும். வேலணையில படிப்பிக்கிறன்."
"அப்ப கடல்தான் இவ்வளவு நாளும் கத்தியிருக்கு."

ஓர் அங்குலம் வெட்டி, ஈயம் வைத்து,
கிறீஸ் பூசி மூடுகையில்
கேளாமலே சொன்னாள்:
முகமாலையில் ஆறு வருசம், கண்ணிவெடி எடுத்தது.
"நூறு சத்தம் வந்தால் தொண்ணூற்றெட்டு
ஆணி, ரின் மூடி, கம்பித் துண்டு.
எண்டாலும் ரீச்சர்,
நூறுக்கும் முழந்தாள் போடவேணும்."
ரேடியோவைப் பற்றி
அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

பிறகு தானே பின்னால் வந்து நின்றாள்.
ஓரடி எடுத்து வைக்க, சத்தம் விட்டு விட்டு.
இன்னோரடி, நெருங்கி.
ஒரு முழத்தில் ஒரே நீட்டு.
விலகிப் போனாள். கார் வாயை மூடியது.
"முழங்காலுக்குக் கீழ கிடக்கிறது
இதுக்குத் தெரியாது, சொல்லிப்போட்டன்."
இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினாள்,
மிச்சக் காசுக்குச் சில்லறை தேடி
அடுத்த கடைக்கு ஓடினாள்.

இன்று காலை ஏழு பத்து.
படலை திறந்து, ரிவேர்ஸ்.
ஒரு சத்தமுமில்லை.
ஒன்றுமில்லை என்கிறது இயந்திரம்,
முதல் தடவையாக நம்பும்படி.

பிறேக்கை இழுத்துவிட்டு
இறங்கிப் பார்த்தேன்.
இடப்பக்கச் சில்லுக்கு ஒரு சாண் தள்ளி
ஒற்றை ரப்பர்ச் செருப்பு. மஞ்சள். மிகச் சின்னது.
எடுத்து மதிலில் வைத்தேன்.
பிறகு, மதிலுக்கு அப்பால்
மற்றக் காலோடு ஆர் நிற்கிறதென்று
எட்டிப் பார்த்தேன்.