கடைசிப் பெட்டி

செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு
வில்னியஸிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
உங்கள் ப்ராக்ஸியில் ஓட்டை.
மரியாதையான கடிதம். கூடவே
அதன் வழியாக அவர் உள்ளே போய்வந்த தடம்,
பதினான்கு வரிகளில்.

ஓடவிட்டுப் பார்த்தேன்.
எவனோ கேட்ட கேள்விக்கு
எவளோ ஒருத்தியின் கணக்கு இருப்பு பதிலாக வந்தது.
மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன்,
சத்தத்தில்தான் தப்பாகத் தெரிகிறது என்பதுபோல.
மறுபடியும் வந்தது.

இந்த வரியை எழுதியது யார் என்று கேட்டால்
சொல்லிவிடும் கட்டளை ஒன்று உண்டு.
கேட்டேன்.
என் பெயர்.
கஜா புயலுக்கு அடுத்த வாரம்
உரக்கடை ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றி
நான்கு சதவீதம் மிச்சமிருக்கும்போது
எழுதியிருக்கிறேன். தலைமேல் ஒரு குறிப்பு வேறு:
'இரண்டும் முரண்பட்டால்? அப்புறம் பார்க்கணும்.'

அந்த அப்புறம்தான்
இப்போது கதவைத் தட்டுகிறது.

*

மதகு என்று எழுதத்தான் கை போகிறது.
மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் குடியிருந்தால்
வேறென்ன தோன்றும்.
ஆனால் தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது.
அதனால் அது சரிவராது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைச் சொல்கிறேன்.
நெல் ஏற்றிய கூட்ஸ் போய்க்கொண்டே இருக்கிறது.
பைக் டேங்க்கில் உட்கார்ந்த பையன்
பெட்டிகளை எண்ணுகிறான். நாற்பது, நாற்பத்தொன்று.
கேட் போடும் பெண் எண்ணுவதில்லை.
கொடியைப் பிடித்தபடி
கடைசிப் பெட்டியில் தொங்கும் பலகைக்காக மட்டும்
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வண்டி முடிந்ததை அறிய இரண்டு வழி, அவ்வளவுதான்.
முன்னால் நிற்கும் என் நிரல் எண்ணியது.
பின்னால் இருக்கும் சர்வர் பலகையைப் பார்த்தது.
ஒருவன் நாற்பதாவது பெட்டியிலேயே
அந்தப் பலகையை மாட்டி அனுப்பினால்?
நான் நாற்பத்திரண்டையும் ஒரே வண்டி என்று விடுவேன்.
அங்கே நாற்பதோடு வண்டி முடிந்துபோகும்.
மிச்சம் இரண்டு தண்டவாளத்தில் நிற்கும்,
அடுத்து வருகிற யாரோ ஒரு அப்பாவியின் வண்டிக்கு
அவையே தலையாகும்.

*

மருந்து தயாராகும்வரை
நோயைப் பற்றிப் பேசக்கூடாது. ஒன்பது நாள்.
நாலாவது நாள்
கூட்டுறவு வங்கியில் வரிசையில் நின்றேன்.
தையல்நாயகியின் திரையில் பக்கம் திறக்கவில்லை.
அடியில் பொடி எழுத்தில்
எங்கள் நிரலின் பெயர், பழைய பதிப்பு எண்.
முன்னால் நின்றவர் கையில் பயிர்க்கடன் பாரம்,
ஒட்டாத புகைப்படம், எச்சில் தொட்ட விரல்.
நான் செல்லானைப் பூர்த்தி செய்தேன்.
ஊரில் இருநூறு பேர் வீட்டுச் சாவி
என் சட்டைப்பையில் கிடப்பதுபோல் இருந்தது.

திருத்தம் ஆறு வரிதான்.
இரண்டு கணக்கும் சேர்ந்து வந்தால்
எது சரி என்று யோசிக்காதே. நிராகரி.
ஆறு வரியை நம்புவதற்கு
இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
நூற்றெழுபதாவதில் மின்சாரம் போனது.

பத்தாம் நாள் வெளியிட்டோம்.
வில்னியஸ்காரர் கட்டைவிரல் உயர்த்தினார்.
பழைய குறிப்பை அழித்தேன்.

வங்கியின் பக்கம் அன்று மாலையும் திறக்கவில்லை.
அடியில் அதே பழைய எண்.

மறுநாள் காலை போய்
"உங்க சர்வரை யாரு பாக்குறா?" என்றேன்.
"தஞ்சாவூர்லேர்ந்து ஒரு சார் வருவாரு, மாசம் ஒரு தடவ.
என்ன, பணம் எடுக்கணுமா?"
காலண்டருக்குக் கீழே ஒட்டிய தாளில் அவர் எண்.
கடைசி இலக்கம் ஒன்றா ஏழா தெரியவில்லை.

ஒன்று தவறு. ஏழு எடுத்தது.
பெயரைச் சொன்னேன், பதிப்பைச் சொன்னேன்,
அவசரம் என்றேன்.
அந்தப் பக்கம் ஹாரன் சத்தம், தடக் தடக்கென்று இரும்பு.

"உங்க ஊருக்குத்தாங்க வந்துட்டிருக்கேன்.
கேட் போட்டுட்டான்.
கூட்ஸு, போய்க்கிட்டே இருக்கு."

"கடைசிப் பெட்டி தெரியுதா?" என்றேன்.
"இருங்க, பாக்குறேன்" என்றார்.