தார்ப்பாயின் நாலாவது முனை

நூற்றொன்பதாம் சங்கீதத்தை விட்டுவிட்டு
நூற்றுப்பத்துக்குப் போங்க என்றார் பாஸ்டர் ஐயா.
பெண்கள் கூட்டத்தில் எல்லோரும் போனார்கள்.
நான் போகவில்லை.

தையில் தொடங்கி மூன்று மாசம்,
விடியக்காலம் நாலரைக்கு, குழாய்த்தண்ணி வருவதற்குள்,
அடுப்படி பல்பு வெளிச்சத்தில் அதையேதான் வாசித்தேன்.
'அவன்' என்று வருமிடத்தில் எல்லாம்
பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்:
நாச்சிமுத்து. நாச்சிமுத்து. நாச்சிமுத்து.

எண்ணெய் மில்லில் என்ற வீட்டுக்காரர்
வலது கையில் ரெண்டு விரலை எந்திரத்துக்குக் கொடுத்தார்.
முதலாளி தந்த எண்பதாயிரத்தில்
நாப்பது வழியிலேயே நின்றுபோனது,
மேஸ்திரி சட்டைப்பையில்.
வெத்துத்தாளில் உருட்டி எடுத்த கட்டைவிரல்,
அது மட்டும்தான் தப்பித்த விரல்.

ஆண்டவரே, அவன் வீட்டு அடுப்பில் பூனை தூங்கட்டும்.
அவன் பெற்றதுகள் அடுத்தவர் வாசலில் நிற்கட்டும்.
இப்படிச் சொல்ல எனக்குப் பயமே இல்லை.
இதைவிட மோசமானதையும் கேட்டவர் அவர்,
கேட்டும் கிழித்துப் போடாமல்
புஸ்தகத்தில் சேர்த்து வைத்தவர்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து
காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் ரோட்டில் வருகிறேன்.
முதுகுக்குப் பின்னால் சிவன்மலைப் பக்கம் வானம் கறுத்தது.
களத்தில் அரை ஏக்கருக்குத் தேங்காய்ப் பருப்பு,
முந்தாநாள் உடைத்தது, பாதி காய்ந்தது.
ஒரு சாத்து மழை போதும், பூசணம் பிடிக்க.
பூசணம் பிடித்தால் சோப்புக் கம்பெனிக்குத்தான்.

ஆளுகளுக்கு அன்றைக்கு லீவு.
தார்ப்பாயின் ஒரு முனையில் அவன்,
இன்னொன்றில் பீகார்ப் பையன்,
மூன்றாவதில் அவன் மகள், ஏழெட்டு வயசிருக்கும்,
பிடித்ததைக் காட்டிலும் தொங்கியதுதான் அதிகம்.
நாலாவது முனை காற்றோடு எழும்பி
அடிபட்ட பாம்பாய்ப் படார் படாரென்று அடித்தது.

நல்லதுதானே என்றது மனசு.
கேட்டது கிடைக்குது, சித்தெ நின்று பார்.
நின்றேன். சத்தியமாய் நின்றேன்.
அந்தப் பிள்ளை அழவில்லை, கூப்பிடவும் இல்லை,
உதட்டைக் கடித்துக்கொண்டு
கையிலிருந்த முனையை மட்டும் பார்த்தது.
அடுத்தவர் வாசலில் நிற்கட்டும் என்றேனே,
அந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் இருக்குமென்று
அதுநாள் வரைக்கும் எனக்குத் தோணவே இல்லை.

செருப்பைக் கழற்றினேனா தெரியாது.
முனை என் கையில் இருந்தது.

"புஸ்தகம் நனையுதுங்க அம்முணி" என்றான்.
என் கக்கத்திலிருந்து உருவி,
சட்டைப் பொத்தானைக் கழற்றி,
வெறும் நெஞ்சோடு சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டான்.
பதினேழு இடத்தில் அவன் பேர் எழுதிய புஸ்தகம்
அவன் மூச்சோடு ஏறி இறங்கியது.

குனிந்து குனிந்து ஓரமெல்லாம் செங்கல் வைத்தோம்.
வந்த மழை அஞ்சே நிமிஷம்.
மழையும் அவ்வளவுதான், பேச்சும் அவ்வளவுதான்.
புஸ்தகத்தைத் திருப்பித் தந்தான்,
வேர்வையும் பீடியும் மணக்க, சுடச்சுட.
பணத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.
நானும்.

திங்கள் விடியக்காலம்
அதே பக்கம் தானாய்த் திறந்தது, ஓரம் நெளிந்து.
தண்ணிக்குப் பென்சில் அழியாது,
எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.
சின்னவன் டப்பாவில் ரப்பர் தேடி எடுத்து
பிள்ளைகள் வருகிற இடத்தில் மட்டும் அழித்தேன்.
காகிதம் கொஞ்சம் கிழிந்தது.
மற்றதை அப்படியே விட்டேன்.

எளியவனின் வலதுபக்கம் அவர் நிற்பதாய்
கடைசி வசனத்தில் வருகிறது.
இவருக்குப் போனதும் அந்தப் பக்கம்தான்.

நாப்பதாயிரம் இன்னும் நாப்பதாயிரம்தான்.
இன்றைக்கே களத்துக்குப் போய்க் கேட்பேன்,
சத்தமாகவே கேட்பேன்.
ஒன்பது மணிக்கு மேல் போகவேண்டும்,
அவன் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு.