ஆக்கும்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்,
ஒரு ஜெராக்ஸ் மெஷினும் நானும்.
தொழில் என்ற கட்டத்தைத் தட்டினால்
ஒரு பட்டியல் கீழே தொங்கும்.
விவசாயி, மீனவர், ஓட்டுநர், வியாபாரி
என்று இறங்கி
கடைசிக்கு முந்தினது இல்லத்தரசி.
கடைசி, மற்றவை.

சேர்ந்த புதிதில், பட்டியல் இல்லாத ஒரு படிவத்தில்
இல்லத்தரிசி என்று அடித்துவிட்டேன்.
திருவிதாங்கோட்டுக்காரி ஒருத்தி
கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாள்.
திருத்தட்டுமா என்றேன்.
"கெடக்கட்டு பிள்ளே,
அரசின்னா வேவாதுல்லா."

இங்கே யாரும் அந்தச் சொல்லை
வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.
கெட்டினவ என்பார்கள் சந்தையில்.
வீட்டுக்காரி என்பார்கள்
மாசம் நாலாயிரம் வாடகை கொடுத்துக்கொண்டே.
மனைவி என்பதில் ஒரு மனை இருக்கிறது,
பட்டா வேறு பேரில்.
இல்லான் என்றால் ஒன்றும் இல்லாதவன்,
இல்லாள் என்றால் வீட்டை உடையவள்
என்று பத்தாம் வகுப்பில் டீச்சர் சொன்னபோது
கடைசி பெஞ்சில் நாங்கள் சிரித்தோம்.
டீச்சரும் லேசாகச் சிரித்த ஞாபகம்.

நேற்று சாரல்.
முளகுமூட்டிலிருந்து எமல்டா,
கூடவே அவள் கெட்டியவர் வறுவேல்.
தொழில்?
கேட்டது அவளிடம்.
"ஹவுஸ் வைஃபாக்கும்" என்றார் வறுவேல்.
"சும்மா வீட்டுலதான்."
வருமானம்?
"அதான் சொன்னேனே."
பூஜ்யம் அடித்தேன்.
அவள் குடையிலிருந்து வெள்ளம் சொட்டுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது பெருவிரலை வைத்தாள்.
மீண்டும் முயலவும்.
ஆள்காட்டி விரல். மீண்டும் முயலவும்.
துடைத்து, ஊதி, தேங்காய் எண்ணெய் தொட்டு.
மெஷின் சிவப்பிலேயே நின்றது.
வறுவேல் கெட்டவர் இல்லை,
தன் துவர்த்தை நீட்டி
அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.
துடைக்கும்போது ஒரு நொடி நின்றார்.
என்னவோ தட்டுப்பட்டது போல.

கையில் என்ன ஆச்சு என்று கேட்டேன்.
கேட்கக் கேட்கத்தான் வந்தது.
அண்டி ஆபீசிலிருந்து மூட்டை வீட்டுக்கே வரும்,
உடைத்துக் கொடுத்தால் கிலோவுக்குக் காசு.
தோட்டு எண்ணெய் தோலைத் தின்னும், சாம்பல் தேய்ப்பாள்.
விடியுமுன்னே ரப்பர் பாலுக்கு ஆசிட் கலக்கணும்,
ஷீட் அடிக்கணும்.
பாத்திரம், துணி, மாமனாருக்கு வாளி
எல்லாம் அவள் சொல்லவில்லை,
நான் சேர்த்துக்கொண்டேன்.
"அதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் வறுவேல்,
மெய்யாகவே புரியாமல்.

இந்தக் கை முடிந்து அந்தக் கை.
ஒன்பது விரலையும் மெஷின் தள்ளியது.
பத்தாவதாக, யாரும் எதிர்பாராமல்,
இடது சுண்டுவிரலில்
பச்சை விளக்கு.

"பாத்தீரா," என்றாள் எமல்டா
வந்ததிலிருந்து முதல்முறையாக அவரிடம்,
"இது ஒண்ணுதான் சும்மா இருந்திருக்கு."

மற்றவை என்று அழுத்தலாமா என்று
ஒரு நிமிஷம் அம்புக்குறியை அங்கே வைத்தேன்.
அதற்குச் சான்று கேட்கும், சீல் கேட்கும்.
இல்லத்தரசிக்கு எதுவும் கேட்காது.
அதையே அழுத்தினேன்.
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு
ரசீது கொடுத்தேன்.

ராத்திரி அரிசி களையும்போது
அந்த வால் மட்டும் காதில் நின்றது.
ஆக்கும்.
எங்கள் ஊரில் எந்தச் சொல்லின் பின்னாலும்
அர்த்தமில்லாமல் வந்து ஒட்டும்.
டாக்டராக்கும். வாத்தியாராக்கும்.
ஹவுஸ் வைஃப்
ஆக்கும்.
சோறு ஆக்கும், குழம்பு ஆக்கும்,
ஒன்றை இன்னொன்றாக ஆக்கும்.

முன்னறையில் என் வீட்டுக்காரர்
யாரிடமோ போனில்:
"அவளா? கம்ப்யூட்டர் சென்டருக்குப் போறாளாக்கும்.
சும்மா, ஒரு நேரம்போக்குக்கு."

கல் அரித்து, கழுநீர் வடித்து,
மூன்றாம் தண்ணீர் ஊற்றினேன்,
இடது சுண்டுவிரலை மட்டும்
நனையாமல் தூக்கிப் பிடித்தபடி.